முன் சீட்டு

இல்லீங்க, ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க. எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான். பாருங்க, நீங்களும் வேண்டாங்கறீங்க. இதுதானுங்க மனுச லட்சணம். ஒருத்தன் நீங்க உக்காருங்கன்னா, இன்னொருத்தன் இல்லீங்க நீங்க உக்காருங்கங்கோணும். ரெண்டு தடவை அப்படி மாத்தி மாத்திச் சொல்லிப்போட்டு, அப்புறம் யாராச்சும் ஒருத்தர் உக்காந்துக்கலாம். சரி, நீங்க இவ்வளவு சொல்றதுனால நானே உக்காந்துக்கறேன். பையைக் கீழ வெச்சுக்கறேன், உங்க காலுக்கு இடிக்குதுங்களா?

பெருந்துறைக்குங்க. சம்பந்தி ஊட்டுக்கு. விசேசமெல்லாம் ஒண்ணுமில்லீங்க, வெசனந்தான். எனக்கு ஒரே பொண்ணு, தாரணின்னு பேரு. கட்டிக் குடுத்து ஜெர்மனில இருக்கறா. போன வாரம் மாப்பிள்ளை ஊட்டை விட்டு வெளிய வந்துட்டாளாம். யாரோ கூட வேலை செய்யற பொம்பளப் புள்ளையோட ரூமுல இருக்கறாளாம். இனி அந்த ஊட்டு வாசப்படி மிதிக்கமாட்டேங்கறா. அந்தச் சேதியும் எனக்கு வரல. எங்க ஊட்டுக்காரிக்கு வந்துச்சு. பெத்த அப்பன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்க. அதுதான் எனக்கு வயிறெரியுது.

ஏன்னு கேளுங்க. போன மாசந்தான் அவளோட ஒரே கார்ல ஊரு ஊராச் சுத்திட்டு வந்தேன். ஜெர்மனில ஏறி, ஆஸ்திரியா, இத்தாலின்னு சுத்தி, மறுபடி ஜெர்மனி. காருன்னா பெரிய காரு இல்லீங்க. நம்மூர்ல டிரைவிங் ஸ்கூல்காரன் ஒண்ணு வெச்சிருப்பான் பாருங்க, அந்த அளவுதான். வாடகைக் காரு. அதுல அஞ்சு பேரு. எம் பொண்ணு ஓட்டறா, அவளுக்கு நேர் பின்னாடி நானு. கையை நீட்டுனா அவ தோளு. அவ்வளவு கிட்டத்துல இருந்தவ சொல்லியிருக்கலாமல்லங்க, அப்பா எனக்கு இப்படிக் கஷ்டம்னு?

எல்லாத்துக்கும் எங்க சம்பந்திதானுங்க காரணம். நாச்சிமுத்துன்னு பேரு. கூட்டுறவு பேங்க்ல செயலாளரா இருந்து ரிட்டயர் ஆனவரு. கெட்டவரில்லீங்க. கெட்டவருன்னு சொன்னா என் நாக்கு அழுகிப்போயிரும். ஆனா ஒரு பேச்சு எதுக்குச் சொல்றாங்க, என்ன அர்த்தத்துல சொல்றாங்கன்னு அந்த மனுசனுக்குத் தெரியவே தெரியாதுங்க.

பொண்ணு சித்திரையில போன் பண்ணுச்சு. அப்பா, நீயும் அம்மாவும் மட்டும் வாங்க, ஒரு சின்னக் காரா எடுத்து நாம மூணு பேரும் நாலு ஊரு பாத்துட்டு வரலாம்னு. மாப்பிள்ளை வரலயான்னு கேட்டேன். அவருக்கு லீவு இல்லைன்னா. உன்கூட உக்காந்து பேசி ரொம்ப நாளாச்சுப்பான்னா. இப்பப் பேசிட்டுத்தானே கண்ணு இருக்கறோம்னு நான் சிரிச்சேன். அவளும் சிரிச்சா.

அதுல எனக்கு ஒரு சங்கடம். மாப்பிள்ளையப் பெத்தவங்களை விட்டுப்போட்டு, பொண்ணப் பெத்தவன் மட்டும் ஜாம் ஜாம்னு ஏரோப்ளேன் ஏறுனா ஊரு என்ன பேசும்? முறைன்னு ஒண்ணு இருக்குதல்லங்க. அதனால சம்பந்திக்குப் போனைப் போட்டேன். இந்த மாதிரி பொண்ணு கூப்புடறா, நீங்களும் வாங்க சம்பந்தி, எல்லாரும் சேந்து போனா நல்லாருக்கும்னேன். இது ஒரு பேச்சுக்குச் சொல்றதுங்க. அவரு என்ன சொல்லியிருக்கோணும்? ஆகட்டுங்க, இப்ப நீங்க போயிட்டு வாங்க, நாங்க அடுத்த தடவை பாத்துக்கறோம்னுருக்கோணும். நானும், அட வாங்க சம்பந்தின்னு இன்னொருக்கா இழுத்திருப்பேன். அவரும் இன்னொருக்கா வேண்டாம்னிருப்பாரு. ரெண்டு பேருக்கும் மரியாதையா முடிஞ்சிருக்கும். அந்த மனுசன் எடுத்த எடுப்புல, ‘எந்தத் தேதிங்க?’ன்னு கேட்டாருங்க.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. இனி என்ன சொல்றது? சொன்ன வாயை மூடவா முடியும்?

பொண்ணுகிட்டச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாயிருச்சாட்டம் இருக்குதுன்னு நான் அலோ அலோங்கறேன். அப்புறம் மெதுவா, சரிப்பான்னா. அவ்வளவுதான் சொன்னா. அவளுக்கும் முறை தெரியுமல்லங்க, என் வளர்ப்பு.

அங்க போய் இறங்குனமா, மாப்பிள்ளை ஏர்போர்ட்டுக்கு வந்தாரு, நல்லாத்தான் பேசுனாரு. பிரயாணம் சௌகரியமான்னு கேட்டாரு, என் பெட்டிய அவரே தூக்குனாரு. எங்கிட்ட ஒரு குறை வெக்கல. அவரும் தாரணியும் பேசிக்கிட்டு நான் பாக்கல, சரி, பெரியவங்க இருக்கறப்ப சிறுசுக கூச்சப்படும்னு உட்டுட்டேன். மாப்பிள்ளைகிட்ட நல்ல பெரிய காரு ஒண்ணு இருக்குதுங்க. அதைக் கேக்கறதுதானே அம்மிணி, எதுக்கு வாடகைக்குன்னேன். தரமாட்டேன்னுட்டாருப்பான்னா. ஆபீசு போகோணுமல்லங்க, நியாயந்தானே. நானே அவருக்குப் பரிஞ்சு பேசுனேன்.

வாடகைக்கு விடற எடத்துல போய்ப் பாத்தா, இந்தக் குருவிக்கூட்டை நிறுத்தியிருக்கறான். மூணு பேருக்குன்னு சொல்லி வெச்சதாம். பெருசா ஒண்ணு குடுப்பான்னு கேட்டா, பள்ளிக்கூட லீவாம், எல்லா வண்டியும் போயிருச்சாம். நான் பம்பாய், நாக்பூருன்னு லாரி ஓட்டுனவனுங்க. சங்ககிரில எனக்குன்னு வண்டி வெச்சிருந்தவன். அந்தக் காரோட டிக்கியத் தொறந்து பாத்துட்டு எனக்கு அழுகறதா சிரிக்கறதான்னே தெரியல. சம்பந்தியம்மா பெட்டி ஒண்ணு போட்டதுமே ரொம்பிப்போச்சு. மிச்சமெல்லாம் மடியில. எம் மடிக்கு என்ன வந்துச்சு தெரியுங்களா? குக்கரு. ஆமாங்க, சோறாக்கற குக்கரு. சம்பந்திக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்காதாம், ரசஞ்சோறு இல்லாம மருந்து முழுங்கமாட்டாராம். குக்கருக்குள்ள அரிசி, அரிசிக்குள்ள பருப்புப் பொட்டணம். அதக் கட்டிப் புடிச்சுட்டுத்தான் நான் ஆல்ப்ஸ் மலையப் பாத்தேன்.

அதுக்கு வர்றேன், இருங்க. காருகிட்டப் போனதும் பொண்ணு முன் கதவைத் தொறந்து, ‘அப்பா, நீ முன்னாடி உக்காரு’ன்னா. எனக்கு உள்ளுக்குள்ள ஆசைதானுங்க, இல்லைன்னு சொல்லமாட்டேன். ரோட்டப் பாக்காம என்னால வண்டில உக்கார முடியாது, முப்பது வருசப் பழக்கம். ஆனா சம்பந்தி பக்கத்துல நிக்கறாரே. அட சம்பந்தி உக்காரட்டும் கண்ணுன்னேன். அவ, இல்லப்பா நீ உக்காரு, மாமாவுக்குப் பின்னாடி சௌகரியமா இருக்கும்னா. நான் சம்பந்தியப் பாத்து, நீங்க உக்காருங்க சம்பந்தின்னேன். ஒரே ஒரு தடவை. அவரு, சரிங்கன்னு ஏறிட்டாருங்க. ஏறி பெல்ட்டும் போட்டுக்கிட்டாரு.

அவ்வளவுதான். அன்னைக்கு ஏறுனவரு கடைசி நாள் வரைக்கும் எறங்கல.

அந்த ஊரு கார்ல ஸ்டீரிங் இடது கைப்பக்கம். நம்மூர்ல டிரைவர் உக்கார்ற எடத்துல இவரு உக்காந்திருக்கறாரு. உக்காந்தவரு சும்மா இருக்கறாரான்னா அதுவும் இல்லை. கியர மாத்தும்மா, பாத்தும்மா, லாரி வருது பாரும்மான்னு வாய் ஓயாது. இல்லாத பிரேக்க வலது கால்ல மிதிச்சுட்டே வருவாரு. சைக்கிளக்கூட சந்தைக்குத் தள்ளிட்டுப் போற மனுசனுங்க. பின்னாடி லாரிக்காரன் குக்கரோட உக்காந்திருக்கறான். என் நெலமைய நெனைச்சுப் பாருங்க. எங்க ஊட்டுக்காரி நடுவுல, அந்தப் பக்கம் சம்பந்தியம்மா. என் முழங்காலு ரெண்டும் முன் சீட்டுல முட்டிட்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் குக்கர் மூடி தாடைல இடிக்கும்.

தாரணி பாட்டுக்கு ஓட்டிட்டே வருவா. கண்ணாடில அவ கண்ணு மட்டுந்தான் எனக்குத் தெரியும். அடிக்கடி என்னையே பாக்கற மாதிரி இருக்கும். பின்னாடி வர்ற வண்டியப் பாக்கறா, லாரிக்காரன் மவ அல்ல, கண்ணாடியப் பாத்து ஓட்டறான்னு எனக்கு ஒரே பெருமை. ஊட்டுக்காரி காதுலகூடச் சொன்னேன், பாரு உம் பொண்ணு ஓட்டற அழகைன்னு.

இத்தாலில ஒரு மலை. மேல தங்கறதுக்கு ஊடு எடுத்திருந்தா. ஏத்தம்னா ஏத்தம், அப்படி ஒரு ஏத்தம். அஞ்சு பேரையும் பெட்டியையும் வெச்சுக்கிட்டு இந்த வண்டி என்ன பண்ணும், பாவம்? ஒரு வளைவுல நின்னே போச்சு. கிளட்ச்சு கருகற வாசம் வருது. எனக்கு உசிரே போகுது, ஏன்னா எனக்குத் தெரியுமல்லங்க அந்த வாசம் என்னன்னு. பொண்ணு சொன்னா, மாமா, அத்தை, அம்மா, நீங்க மூணு பேரும் எறங்கி மெதுவா நடந்து வாங்க, பக்கந்தான், அப்பா மட்டும் எங்கூட இருக்கட்டும்னு. சரியான யோசனைதான். அவளுக்குக் கிளட்ச்சப் புடிக்கறதுக்கு நான் சொல்லிக் குடுத்திருப்பேன். ஆனா சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் மூச்சு வாங்கிட்டு மேட்டுல நடக்கறது, நான் மகாராசனாட்டம் கார்ல போறதா? பாக்கறவன் காறித் துப்பமாட்டான்? அதெல்லாம் முறையில்லை அம்மிணி, நான் நடக்கறேன், சம்பந்தி உக்காரட்டும்னு எறங்கிட்டேன். அவரு எறங்குவாருன்னு நெனைச்சீங்களா? ஜன்னலை எறக்கி, பாத்து வாங்க சம்பந்தின்னு கையாட்டுனாரு. நானும் ஊட்டுக்காரியும் சம்பந்தியம்மாவும் நடந்து போய்ச் சேந்தோம். குக்கரை யாரு தூக்குனதுன்னு கேக்காதீங்க.

மேல போய்ப் பாத்தா சம்பந்தி உள்ள போய்க் காலை நீட்டிப் படுத்துட்டாரு. பொண்ணு மட்டும் வண்டிய நிறுத்திப்போட்டு ஸ்டீரிங்க்கிட்டயே உக்காந்திருக்கறா. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குது. அழுதிருக்கறா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சுங்க. அந்த ஏத்தம் பூரா அந்த மனுசன் என்ன பேசி உசிர வாங்குனாரோன்னு. கண்ணாடியத் தட்டுனேன், எறக்குனா. மாமா சொல்றதையெல்லாம் மனசுல வெச்சுக்காத கண்ணு, அவரு சுபாவம் அப்படின்னேன். ‘அது இல்லப்பா’ன்னா. எனக்குத் தெரியும் கண்ணு, நீ சொல்லவே வேண்டாம்னு தோளைத் தட்டிக் குடுத்தேன். அதுக்குள்ள சம்பந்தியம்மா குக்கரு எங்கன்னு கேட்டுட்டு வாசலுக்கே வந்துட்டாங்க. நான் குக்கரைக் குடுக்கப் போயிட்டேன்.

நான் அவளப் புரிஞ்சுக்காதவனாங்க? சொல்லாமயே புரிஞ்சுக்கிட்டேன். அப்படிப்பட்ட அப்பன்கிட்டச் சொல்ல என்னங்க தடை?

இன்னொரு நாளு, ஏதோ ஏரிக்கரை. பேரு வாயில நொழையல. பெட்ரோல் போட நின்னோம். சம்பந்தி கண்ணு அசந்துட்டாரு, பொம்பளைங்க பாத்ரூம் போயிட்டாங்க. பொண்ணு வந்து என் பக்கத்துக் கதவைத் தொறந்து, வாப்பா, நாம ரெண்டு பேரும் ஒரு காபி குடிச்சுட்டு வரலாம்னு கையப் புடிச்சு எறக்குனா. சின்னப் புள்ளையில சந்தைக்குப் போறப்பப் புடிச்ச மாதிரி கெட்டியாப் புடிச்சிருந்தா. எனக்கு அவ்வளவு சந்தோசம். ஆனா நாலு அடி போனதும் மனசு கேக்கலீங்க. ஒரு மனுசன கார்ல தூங்க உட்டுட்டு நாம போய் காபி குடிக்கறதா? முழிச்சுப் பாத்தா என்ன நெனைப்பாரு? திரும்பிப் போய் கண்ணாடியத் தட்டி, சம்பந்தி, காபி சாப்புடறீங்களான்னேன். ஒரு பேச்சுக்குத்தான். நல்லாத் தூங்கற மனுசன் என்ன சொல்லோணும்? இல்லீங்க, நீங்க குடிச்சுட்டு வாங்கங்கோணும். எந்திரிச்சு வந்துட்டாரு. வந்து அந்தக் காபில சக்கரையப் போட்டுக் கலக்குனாரு பாருங்க, நானும் பாக்கறேன், கலக்கறாரு, கலக்கறாரு, கலக்கிட்டே இருக்கறாரு. பொண்ணு அவ டம்ளரத் தொடவே இல்லை. ஆறிப்போச்சு.

நீங்களே சொல்லுங்க, இந்த மாதிரி ஒரு ஆளை வெச்சுக்கிட்டு அப்பனும் மவளும் ரெண்டு வார்த்தை பேச முடியுமா?

கடைசி நாள் ஒரு கூத்து நடந்துச்சு, அதச் சொன்னா நம்பமாட்டீங்க. திரும்பி ஊட்டுக்குப் போற நாளு. காலைல கெளம்புனா பொழுது சாயத்தான் போய்ச் சேரோணும். கார்கிட்ட வந்ததும் சம்பந்தி எம் பக்கம் திரும்பி, அவரா, வாயத் தொறந்து, சம்பந்தி இன்னைக்கு நீங்க முன்னாடி உக்காருங்கன்னாரு. எனக்குக் காதையே நம்ப முடியல. பொண்ணு மொகத்தப் பாக்கோணுமே, அப்படி ஒரு வெளிச்சம். ஓடிப் போய்க் கதவைத் தொறந்து புடிச்சுட்டு நின்னா. ஆனா மொதத் தடவை சொன்னதும் ஏறி உக்காந்தா நான் என்ன மனுசனுங்க? பரவால்லீங்க சம்பந்தி, நீங்களே உக்காருங்கன்னேன். ரெண்டாந் தடவை சொல்லுவாருன்னு காத்துட்டு நிக்கறேன். அவரு, அப்பச் சரிங்கன்னு ஏறிக்கிட்டாரு.

தாரணி அந்தக் கதவை ஓங்கிச் சாத்துனா. வாடகை வண்டி, பாத்து அம்மிணின்னு நாந்தான் சொன்னேன்.

சாயங்காலம் அவங்க தெருவு வந்ததும் வண்டி ஊர்ற வேகத்துல போகுது. ஊட்டத் தாண்டியே போயிட்டா. சம்பந்தி, வலதுல வலதுலன்னு கத்தறாரு. ரெண்டு சுத்து சுத்தித்தான் கொண்டாந்து நிறுத்துனா. அசதின்னு நெனைச்சேன். அத்தனை தூரம் ஓட்டுன புள்ளை, அசதி இருக்காதுங்களா?

அடுத்த நாள் ஏர்போர்ட்டு. மாப்பிள்ளைக்கு வேலை, அவதான் கொண்டாந்து உட்டா. நாங்க நாலு பேரும் உள்ள போற எடத்துல வரிசையா நிக்கறோம். சம்பந்தி எனக்கு முன்னாடி. பொண்ணு எங்கிட்ட வந்து, சட்டைக் கையப் புடிச்சுட்டு, ‘அப்பா, நானும் உங்ககூட ஊருக்கு வந்துடட்டுமா?’ன்னா.

எல்லாப் பொண்ணுகளும் சொல்றதுதானுங்களே. கட்டிக் குடுத்த அன்னைக்கு வண்டி ஏறறப்பவும் இதத்தான் சொன்னா. ஆனா சம்பந்தி காதுல உழுகுதே. இது என்னடா, நம்ம ஊட்டுக்கு வாழ வந்த புள்ளை இப்படிச் சொல்லுதுன்னு அவரு நெனைக்கக்கூடாதல்லங்க. அதனால அவருக்கும் கேக்கற மாதிரி சத்தமாவே சொன்னேன், மாப்பிள்ளைய உட்டுப்போட்டு நீ எப்படிக் கண்ணு வர்றது, பொங்கலுக்கு ரெண்டு பேரும் ஜோடியா வாங்கன்னு. தலையத் தடவிக் குடுத்தேன். சம்பந்தி திரும்பிப் பாத்து, அதானேன்னாரு. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. பொண்ணு கையை உட்டுட்டா.

இப்பக் கேட்டா என்னென்னமோ வருது. ஒரே ஊட்டுக்குள்ள மாசக்கணக்காப் பேச்சில்லையாம். பனி கொட்டற நாள்ல இவள வெளிய தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கறான். ஆமாங்க, மாப்பிள்ளையத்தான் சொல்றேன், மரியாதை வாயில வரமாட்டேங்குது. எம் புள்ளை செருப்பில்லாம படில உக்காந்திருந்துச்சாம். அதக் கேட்டதுல இருந்து எனக்குச் சோறு எறங்கலீங்க. எங்க ஊட்டுக்காரி அழுதுட்டே கேட்டிருக்கறா, ஏண்டி அப்பாகிட்டச் சொல்லலைன்னு. அதுக்கு அவ என்ன சொல்லியிருக்கறா தெரியுங்களா? ‘அப்பாகிட்டக் கேட்டேம்மா. வரவேண்டாம்னுட்டாரு.’

நான் எப்பங்க வேண்டாம்னேன்? பொங்கலுக்கு வான்னுதானே சொன்னேன்? வான்னு சொல்றது வேண்டாம்னு சொல்றதாங்க? ஒரு பேச்சுக்குச் சொன்னதையெல்லாம் இப்படி நெசம்னே எடுத்துக்கிட்டா நான் யாருகிட்டங்க போய்ச் சொல்றது?

ஊட்டுக்காரி ஒரே புடியா நிக்கறா. போனைப் போட்டு, கெளம்பி வா கண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அது போதும்ங்கறா. நீங்களும் அதத்தான் சொல்ல வர்றீங்க, உங்க மொகத்துலயே தெரியுது. சொல்லமாட்டேன்னா சொல்றேன்? இந்த நிமிசமே சொல்றதுக்கு எனக்கென்ன? என் ஊடு, எம் பொண்ணு. ஆனா நாளைக்குச் சம்பந்தி, எங்களை ஒரு வார்த்தை கலந்துக்கலையேன்னு கேட்டா நான் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது? அதுக்குத்தான் மொதல்ல அவரு ஊட்டுக்குப் போறேன். போய், பொண்ண நாங்க ஊருக்குக் கூட்டிக்கலாம்னு இருக்கறோம், நீங்க என்ன சொல்றீங்க சம்பந்தின்னு கேக்கப் போறேன். சும்மா ஒரு மரியாதைக்குத்தானுங்க. அவரு, அதுக்கென்னங்க, உங்க பொண்ணு, தாராளமாக் கூட்டிக்குங்கன்னு சொல்லோணும். அதுதானுங்களே முறை? யாரா இருந்தாலும் அப்படித்தானே சொல்லுவாங்க? அவரு சொன்னதும் வெளிய வந்து வாசல்ல நின்னே அவளுக்குப் போன் பண்ணிருவேன்.

அவரு வேண்டாம்னுட்டாருன்னா?

இல்லீங்க, நீங்க சொல்லுங்க. நான் கேட்டுப்போட்டு, அந்த மனுசன் வேண்டாம்னு சொல்லிட்டாருன்னா, அப்புறம் நான் எம் பொண்ணுகிட்ட என்னங்க சொல்றது?

ஸ்டாப்பு வந்துருச்சாட்டம் இருக்குது. கொஞ்சம் காலை ஒதுக்குங்க, எறங்கிக்கறேன்.